மட்டமான படத்துக்கு ஒரு மிஸ்டு கால்

அந்தப் படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் "அடடா, எனக்கும் ரொம்பப் பிடிக்குமே" என்பார்கள். அவர்களோடு பேச என்னிடம் ஒன்றுமில்லை. கதையை மட்டும் சொல்கிறேன்.

ஓர் ஊரில் ஒரு நல்லவன். கோயில் நகையைத் திருடிவிட்டான் என்று அவன் மேல் பழி விழுகிறது. ஊரை விட்டுப் போகிறான். அவன் வளர்த்த காளை, வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்து நின்று அழுகிறது. காமிரா அதன் கண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு சொட்டு கீழே விழுகிறது. கிளிசரினோ, குழாய்த் தண்ணீரோ, எனக்குத் தெரியாது. கடைசியில் பஞ்சாயத்துக்கு நடுவில் அதே காளை புகுந்து உண்மைத் திருடனைக் கொம்பால் தூக்குகிறது. உடனே மழை பெய்கிறது. சுபம்.

இதை ஒரு தடவை பார்த்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, ஏமாந்துவிட்டார்கள். தெரிந்தே மறுபடியும் போய் உட்காருகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடிந்ததில்லை. அடுத்த வசனத்தை முந்திக்கொண்டு சொல்வார்கள். அழுகைக் காட்சிக்கு முன்பே முந்தானையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். திருடன் யார் என்று தெரிந்திருந்தும் "அடப்பாவி" என்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கும் வேறு படம் வாங்க வக்கில்லாமல் அதையே போட்டுக்கொண்டிருந்த டிவிக்காரர்களைக்கூட மன்னித்துவிடலாம். விலைபோவதை விற்கிறார்கள். வாங்குகிறவர்களை என்ன செய்வது?

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவன். குமராட்சிப் பக்கம் நெல் விளைவித்த குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான். அந்தத் திமிர் என்னோடேயே வளர்ந்தது. மனைவிக்குக் காட்டுமன்னார்கோயில். அவளுக்கு ஒரே ஒரு தங்கை, அவளைக் கடலூரில் கொடுத்திருந்தார்கள். தங்கையின் கணவர், அதாவது என் சகலை, தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் பழுதுபார்க்கிறவர். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது அவர்கள் பிள்ளைகளோடு உடுத்திய துணியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் நால்வருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று காலை என் கொழுந்தியாளோடு குழாயடியில் நின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. கொழுந்தியாள் அதைப் பற்றிப் பேசவில்லை, அழவும் இல்லை. துலக்கிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி துலக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பொங்கலுக்கு டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்தாள். மாடு அழுததும் பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். என் மனைவி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, படம் முடிந்து விளம்பரம் வந்த பிறகும் அழுதார்கள்.

நான் உள்ளறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கடலுக்கு அழாதவள் மாட்டுக்கு அழுகிறாளே என்று நினைத்தேன். கல்லூரி திறந்ததும் இதே வார்த்தைகளில் ஆசிரியர் அறையில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகச் சொன்னேன் என்ற சந்தோஷத்தோடு வீடு திரும்பினேன்.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் சிதம்பரத்திலேயே வீடு கட்டிக் குடிபோனோம். கிரகப்பிரவேசத்தன்று கூடத்தில் பந்தி போட்டிருந்தது. மூலையில் புதுக் கலர் டிவி. பிள்ளைகள் யாரோ அதைப் போட, அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. என் கல்லூரி ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதே வரிசையில் சகலை. டிவியில் நாயகன் வாயைத் திறப்பதற்குள் இவர் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு உடம்பு கூசியது.

"இன்னும் எத்தன தடவ சகல இதயே பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"அவன் போடற வரைக்கும் பாப்போம் சகல."

"ஒரு தடவ பாத்தா புரியாதா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார்: "நீங்க மட்டும் என்னவாம்? வேலைக்குச் சேந்த நாள்லேருந்து ஒரே நாடகத்தத்தான நடத்துறீங்க. பசங்க மாறுறானுங்க, புஸ்தகம் மாறலியே. நான் கேட்டனா, ஒரு தடவ நடத்துனா புரியாதான்னு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. என் துறைத் தலைவருக்குப் புரையேறியது.

சகலை சொன்னது உண்மை. அந்த நாடகத்தைப் புத்தகம் இல்லாமலே நடத்துவேன். அதில் ஒரு சாவு வரும் இடத்தில் ஒவ்வொரு வருடமும் என் குரல் கம்மும். அந்த இடம் எப்போது வரும் என்று ஜூன் மாதத்திலேயே காத்திருக்கத் தொடங்கிவிடுவேன். உண்மையைச் சொன்னவர் கிரீஸ் கறை போகாத கையால் சோறு பிசைந்துகொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் நடத்துறது மனுஷங்களுக்கு," என்றேன். "மாடுங்கதான் தின்னதயே திரும்பத் திரும்ப அசை போடும். அதனாலதான் மாடு அழுதா உங்க வீடே சேந்து அழுவுது."

இலையில் அப்போதுதான் பாயசம் ஊற்றியிருந்தார்கள். சகலை அதைத் தொடவில்லை. எழுந்துபோய்க் கை கழுவினார். பரிமாறிக்கொண்டிருந்த தன் மனைவியிடம், "கெளம்பு. இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா நான் மனுஷனே இல்ல, மாடுதான்," என்றார். பேருந்து நிலையத்தில் வைத்துத் தன் தலையில் அவள் கையை வைத்து, அக்காள் வீட்டோடு இனிப் பேச மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அவருக்கு நான் சளைத்தவனா? அன்று சாயங்காலம் என் மனைவியிடம் சொன்னேன்: "அந்த ஆளு வந்து மன்னிப்பு கேக்கற வரைக்கும் அவுங்க வீட்டோட பேச்சு வார்த்த கூடாது."

"சரி," என்றாள்.

அப்படித்தான் அக்காளும் தங்கையும் பிரிந்தார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஒரு கல்யாணத்தில் ஒருத்தியைப் பார்த்ததும் இன்னொருத்தி சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கிப் போனாள்.

அடுத்த தீபாவளிக்கு அந்தப் படத்தைப் போட்டார்கள். மகன் சென்னையிலிருந்து வாங்கிக் கொடுத்திருந்த செல்போன் என் மனைவியின் மடியில் இருந்தது. இரண்டு மணி அடித்து நின்றது. அவள் ஏதோ பொத்தானை அழுத்தினாள், உடனே நிறுத்தினாள். யாரென்று கேட்டதற்கு "ராங் நம்பர்" என்றாள். மாடு அழும் இடத்தில் மறுபடி இரண்டு மணி. போனைப் பிடுங்கிப் பார்த்தேன். கடலூர் நம்பர்.

"பேசாதன்னு சொன்னனா இல்லியா?"

"நான் எங்க பேசுனேன்?"

"அப்ப இது என்ன?"

"மணி அடிச்சுது, நின்னு போச்சு. இதுல பேச்சு எங்கருந்து வந்துது? படம் போட்டுட்டான்னு அவ அடிப்பா. பாத்துட்டேன்னு நான் அடிப்பேன். மாடு அழுவும்போது ஆளுக்கு ஒண்ணு. அவ்ளோதான். நீங்க சொன்னத நானும் மீறல, சத்தியத்த அவளும் மீறல."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ," என்று சிரித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துக் கொடுக்கவில்லை. அவ்வளவு அற்பமாக இருந்தது எனக்கு. பேரன் எடுக்கிற வயதில் இரண்டு பெண்கள், ஒரு மாட்டின் கண்ணீருக்காக மணியடித்துக்கொள்கிறார்கள். யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்றுதான் யோசித்தேன். ஓய்வு பெற்றுவிட்டதால் ஆசிரியர் அறையும் இல்லை.

அதற்குப் பிறகு சில வருடங்கள் இப்படியே போயின. படம் வரும், மணி அடிக்கும், பதில் மணி போகும். அவள் முகம் அன்று முழுக்க வேறு மாதிரி இருக்கும். குழம்பில் உப்பு சரியாக இருக்கும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது, கூடத்தில் உட்கார்ந்து என்னால் படிக்க முடியவில்லை என்பது மட்டும்தான்.

மகன் கேபிளை எடுத்துவிட்டு மாடியில் டிஷ் வைக்க ஏற்பாடு செய்தான். பொருத்த வந்தவர், "சின்னப் பசங்க பாக்கக் கூடாத சேனல் ஏதாச்சும் இருந்தா பூட்டி வெச்சிக்கலாம் சார், நாலு நம்பர் போட்டா போதும்," என்று சொல்லிக்கொடுத்தார். அவர் படியிறங்கியதும் அந்தப் படம் ஓடுகிற சேனலைப் பூட்டினேன். மனைவியிடம், "இந்த டிஷ்ல அது வராதாம்," என்றேன்.

"சரி," என்றாள்.

அத்தோடு ஒழிந்தது என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் இரண்டு மணி அடித்தது. அவள் சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனை எடுத்து, பதிலுக்கு மணி அடித்துவிட்டு, மறுபடி கீரையில் உட்கார்ந்தாள். கூடத்தில் நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து, அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு, போனை எடுத்து மணி அடித்தாள். அவள் கட் செய்த உடனே அங்கிருந்தும் மணி வந்தது.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. டிவி இல்லாமலே மாடு எப்போது அழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விளம்பர நேரத்தைக்கூடச் சேர்த்துக் கணக்கு வைத்திருந்தாள். பாட்டை முணுமுணுத்தாளா, வசனத்தை மனதில் ஓட்டினாளா, தெரியாது. அரிசியும் உலையும் அடுப்பும் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்.

அதைப் பார்த்து வேறொருவனுக்கு என்ன தோன்றியிருக்குமோ. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பூட்டுக்கும் மசியாத முட்டாள்தனம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. போன் மேஜைமேல் இருந்தது. மிஸ்டு காலை யாரும் எடுப்பதில்லை. எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் எடுத்தேன்.

"அலோ" என்றுகூடச் சொல்லவில்லை. "உங்க அக்கா இங்க படமே பாக்கறதில்ல, தெரியுமா? எங்க வீட்ல அந்தச் சேனலே கெடையாது. சும்மா அடுப்பாண்ட உக்காந்துகிட்டு ஒனக்கு மணி அடிச்சி ஏமாத்துறா. நீயும் நம்பிகிட்டு கெட."

அந்தப் பக்கம் படத்தின் சத்தம் கேட்டது. வண்டிச் சக்கரம், சலங்கை. பிறகு போன் அணைந்தது.

மனைவி தலை துவட்டியபடி வந்து போனைத்தான் முதலில் பார்த்தாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மிஸ்டு கால் வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை, தீபாவளிக்கு வரவில்லை. படம் வருகிற நாளைச் செய்தித்தாளின் டிவி நிகழ்ச்சிப் பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொண்டு இவள் அடித்துப் பார்த்தாள். பதில் மணி வரவில்லை. தங்கைக்கு உடம்பு சரியில்லையோ, அவள் கணவர் கண்டுபிடித்துவிட்டாரோ என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். போனைத் துணியால் துடைத்தாள், பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். ஒரு நாள் என்னிடமே கொண்டுவந்து நீட்டினாள்.

"இது ஒழுங்கா வேல செய்யுதான்னு பாருங்க. மணி அடிக்கறதே இல்ல."

நான் வீட்டு லேண்ட்லைனிலிருந்து அவள் செல் நம்பரைப் போட்டேன். அவள் கையில் போன் அடித்தது. ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது. நான்தான் அடிக்கிறேன் என்பது அதற்குள் மறந்துவிட்டது அவளுக்கு.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

வாழ்க்கையில் நான் செய்தவற்றில் இதைவிடப் பெரிய கொடுமைகள் இருக்கலாம். என்னால் நினைத்துப் பார்க்க முடியாதது இது ஒன்றுதான்.

2011 முடிகிற நேரத்தில் புயல் வந்தது. சிதம்பரத்தில் மரம் விழுந்ததோடு போயிற்று, கடலூரை அது துவைத்துப் போட்டுவிட்டது. கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கரண்ட் இல்லை, போனும் போகவில்லை. மனைவி இரண்டு பைகளில் அரிசி, பருப்பு, மெழுகுவத்தி, தீப்பெட்டி எல்லாம் எடுத்து வைத்தாள்.

"வந்தா வாங்க, வராட்டி போங்க. நான் என் தங்கச்சிய பாக்கப் போறேன்."

"சரி" என்று நான் சொன்னது அப்போதுதான்.

வழிநெடுக சவுக்குத் தோப்புகள் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "செல்லுல சார்ஜ் இருந்திருக்காது. அதான் அவ அடிக்கல," என்றாள். புயல் அடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன, மணி நின்று வெகு காலம் ஆகியிருந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தப் பயணத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தேவனாம்பட்டினத்தில் சகலை வீட்டுக் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுகள் பாதி காணவில்லை. அவர் மேலே ஏறி நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு, சுத்தியலை எடுத்து ஆணி அடிக்கத் தொடங்கினார். கொழுந்தியாள் வெளியே வந்தாள். அக்காளும் தங்கையும் கட்டிப் பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. இவள் அரிசிப் பையை நீட்டினாள், அவள் வாங்கிக்கொண்டாள். இவள் கேட்ட முதல் கேள்வி:

"ஏண்டி மிஸ்டு கால் நின்னு போச்சு?"

கொழுந்தியாள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு அக்காளிடம் திரும்பி, "ரீசார்ஜ் பண்ணலக்கா," என்றாள்.

நான் மாடு என்று சொன்ன குடும்பத்துப் பெண், என்னை என் மனைவியிடம் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினாள். பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் தப்பிக்க முடியவில்லை.

"ரீசார்ஜ் இல்ல," என்றேன். "நீ குளிக்கப் போனப்ப அவ அடிச்சா. நான் எடுத்துட்டேன். நீ டிவி பாக்காமதான் மணி அடிக்கறன்னு சொல்லிட்டேன். டிஷ்ல அந்தச் சேனல் வரும். நான்தான் பூட்டி வெச்சேன்."

மேலே சுத்தியல் சத்தம் நின்றது. என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. தங்கையிடம் கேட்டாள்: "நான் ஏமாத்திட்டன்னு நெனச்சிதான் நிறுத்திட்டியாடி?"

"ச்சீ. நான் ஏன் அப்படி நெனைக்கறேன்? எடுக்கற ஆளு இருக்கற வீட்டுக்கு எப்படிக்கா அடிக்கறது? மாமா எடுத்தா நான் பேசுன மாதிரி ஆயிடுமே. இவரு தலைல அடிச்சி சத்தியம் பண்ணியிருக்கேன். அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, டிவி இல்லாம மாடு அழற எடத்துக்குக் கரெக்டா அடிச்சியே, எப்படிக்கா?"

"ஒல கொதிக்கறது நமக்குத் தெரியாதா? நின்னு பாத்துகிட்டா இருக்கோம்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்து அழுதார்கள்.

சகலை ஏணியில் இறங்கி வந்து என் எதிரில் நின்றார். கையில் சுத்தியல் இருந்தது.

"சகல, நான் பேசுனது தப்பு," என்றேன்.

"எது? அன்னிக்கு பந்தில பேசுனதா, போன்ல பேசுனதா?"

"ரெண்டும்."

"இப்படி நின்னுகிட்டு சொன்னா ஆச்சா? கரண்ட் வரட்டும். டிவிடி வெச்சிருக்கேன். எங்கூட உக்காந்து மொதல்லேருந்து கடைசி வரைக்கும் பாக்கணும். நடுவுல எந்திரிக்கக் கூடாது. பேப்பர் படிக்கக் கூடாது. அதுக்கப்புறம் நான் உங்க வீட்டுக்கு வந்து அந்தப் பாயசத்தக் குடிக்கறேன்."

கரண்ட் வந்து, அது ஓரளவு நிலைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பார்த்தேன், முழுசாக. கண் திறந்துவிட்டது என்று சொல்வேன் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மட்டமான படம். பாட்டுக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. நாயகன் ஊரை விட்டுப் போகும்போது கையில் இருக்கும் பெட்டி அடுத்த காட்சியில் வேறு நிறத்தில் இருக்கிறது. சகலையே அதைச் சுட்டிக் காட்டினார். "பாத்தீங்களா, செவப்பு பெட்டி பச்ச ஆயிடுச்சு. எப்பவுமே ஆயிடும்."

வண்டி கிளம்பியது. மாடு ஓடி வந்து நின்றது. என் மனைவியும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாட்டின் கண்ணில் அந்தச் சொட்டு திரண்டபோது, என் மனைவியின் கட்டைவிரல் அசைந்தது. பக்கத்திலேயே, தங்கையின் மடியில் இருந்த போன் அடித்தது.

"சகல, எடுத்துராதீங்க!" என்று கத்தினார் சகலை.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சகலை சொன்னபடி வந்து பாயசம் குடித்தார். இரண்டு டம்ளர். சகோதரிகள் இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள், ஜாஸ்தியாகவே பேசுகிறார்கள். கடலூரிலிருந்து திரும்பிய அன்றே சேனலின் பூட்டை எடுத்துவிட்டேன். ஆனால் என் வீட்டு டிவியில் அவள் அந்தப் படத்தைப் போட்டு நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்றால் கடலூருக்குப் பஸ் ஏறுகிறாள்.

இன்னொன்றும் உண்டு. அந்த நாளுக்குப் பிறகு அவள் போனை மேஜைமேல் விட்டுவிட்டுப் போனதில்லை. வடாம் காயவைக்க மாடிக்குப் போனாலும் இடுப்பில் செருகிக்கொள்கிறாள். குளிக்கப் போகும்போது துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறாள். ஒரு நாள் தாங்க முடியாமல் சொன்னேன்.

"அங்கயே வெச்சிட்டுப் போ. தண்ணி பட்டுடும். நான் எடுக்க மாட்டேன்."

"தெரியும்," என்றாள். எடுத்துக்கொண்டுதான் போனாள்.